மணலில் உட்கார்ந்த விளக்கு

என் மகனைக் கிணற்றில் இறக்குவதற்கு நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோலச் சுவரில் கிடந்த காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டு, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் தள்ளி, வெள்ளிக்கிழமை காலை என்று முடிவு செய்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். தேங்காய் வெட்ட ஆள் மரத்தில் ஏறினால், அவர் இறங்குகிறவரை நான் அடுக்களைக்குள் நிற்க மாட்டேன். மகன் கல்ஃபுக்கு விமானம் ஏறினால், போய் இறங்கி ஃபோன் பண்ணுகிறவரை எனக்குச் சோறு இறங்காது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயம் வருமே தவிர, அதற்குக் காரணம் எடுத்துச் சொல்லத் தெரியாது. காரணம் சொல்லத் தெரியாத பயத்துக்கு எந்த வீட்டிலும் மரியாதை கிடையாது.

எங்கள் வீடு புதுக்கடைப் பக்கம். ஒரே வளாகத்துக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் என் கொழுந்தன் குடும்பம். என் வீட்டுக்காரருக்கு வாழைக்குலை வியாபாரம், கொழுந்தனுக்குக் கம்பிக்கடை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தக் கிணறு. கிணற்றுக்கு மேற்கே, மாமரத்தின் கீழ், குடும்பத்துக்குச் சொந்தமான சின்ன அம்மன் கோவில். வருஷத்துக்கு ஒரு தடவை கொடை என்று திருவிழா நடக்கும். கொடைக்குப் பொங்கல் வைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் எடுக்க வேண்டும், கொடைக்கு முன்னால் கிணற்றை இறைத்துச் சேறு வாரிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது வழக்கம்.

சேறு வாருவதற்குக் கூலிக்கு ஆள் உண்டு. ஆனால் அவர்கள் முதலில் இறங்கக் கூடாது. குடும்பத்தில் மூத்த ஆண்தான் முதலில் இறங்கி, ஒரு கூடை சேற்றை வாரி மேலே அனுப்ப வேண்டும். அதற்கு முன் கிணற்றுக்கு ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஒரு கிண்ணம் நிறைய ஆற்றுமணல் போட்டு, அதன் மேல் விளக்கை வைத்துத் திரி கொளுத்தி, தேங்காய் உடைப்பார்கள். விளக்கு நின்று எரிந்தால் அம்மன் உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மூத்தவர் இறங்கிவிடலாம். நான் கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றை யாரும் தொடவில்லை. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் முற்றம் என்று நான்தான் அதை மூடச் சொல்லி நச்சரித்தேன். கொழுந்தன் கடையிலிருந்து கம்பி கொண்டுவந்து, சிமெண்டுப் பலகை வார்த்து, ஓர் இடுக்கு இல்லாமல் மூடிவிட்டார். அதற்குப் பின் வந்த கொடைகளுக்கெல்லாம் குழாய்த் தண்ணீரிலேயே பொங்கல் பொங்கியது. அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் கோவிலுக்குப் புதிதாக ஓடு மாற்றிச் சுண்ணாம்பு அடித்தோம். மண்டைக்காட்டில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு மூத்தவர், கொடைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். வந்த அன்றே பேச்சை எடுத்தார்.

"கோயிலப் புதுசாக்கியாச்சு. இனியும் கொழாய் வெள்ளத்துலயா பொங்கல் வைப்பிய? கெணத்தத் தொறங்கல."

"எனக்கு முட்டு வலி. எறங்க ஒக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒனக்க மவன் வந்துல்லா நிக்கான்? மூத்தவனுக்க மூத்தவன். அவன் எறங்கட்டு."

மகன் லீவில் வந்து நின்றான். அங்கே கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏ.சி.யில் வேலை பார்க்கிறவன். அவனுக்கு ஒரே உற்சாகம். "நான் எறங்குகேன் அத்தே" என்றான். அப்படித்தான் காலண்டரைக் கழற்றினார்கள்.

வியாழக்கிழமை காலையில் விளக்கைத் துலக்க எடுத்தேன். அது மற்ற நாளில் பூஜை அறைப் பரணில் கிடக்கும் பித்தளை விளக்கு. புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தபோது கை ஒரு இடத்தில் நின்றது. விளக்குக்கு அடிப்பாகம் உருண்டையாக இருந்தது. தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். மேலே மூன்று சங்கிலிகள், மூன்றும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய கொக்கி. எத்தனையோ தடவை துலக்கியிருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் இறங்கப்போகிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குப் பழக்கம் உண்டு. இப்போது இறங்கப்போகிறவன் என் பிள்ளை. அதனால்தானோ என்னவோ, கண் வேறு மாதிரிப் பார்த்தது.

கொக்கி வைத்த விளக்கு தொங்குவதற்குத்தானே? தொங்க வேண்டிய விளக்கை ஏன் மணல் கொட்டி உட்கார வைக்கிறோம்?

ஈரக் கையோடு போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஃபோனில் குலை விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்க அப்பா அப்படித்தான் வச்சாரு" என்றார் தலையைத் தூக்காமல்.

"அவரு ஏன் அப்படி வச்சாரு?"

"ஏட்டி, காலம்பறவே தொடங்காத. மணல்ல வச்சா என்ன, மண்டையில வச்சா என்ன? வெளக்கு எரியணும். அவ்வளவுதான்."

கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். அவர் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

"மைனி, மூடுன்னு சொன்னதும் நீங்க, இப்பம் தொறக்கதுக்குக் கேள்வி கேக்கதும் நீங்க. பழைய ஆளுவ ஒரு காரியம் வச்சிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நாம கேக்கப்பிடாது."

"காரணம் இருக்கும்னுதான் நானும் சொல்லுகேன். அது என்ன காரணம்?"

"அது... வழக்கமாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொக்கியும் சங்கிலியும் எங்கோ கீழே போவதற்காகச் செய்தவை. கிணற்றுக்கான விளக்கு கிணற்றைத் தவிர வேறு எங்கே இறங்கப்போகிறது? எரிகிற விளக்கை எதற்காக ஒருவர் கிணற்றுக்குள் இறக்குவார்? வெளிச்சத்துக்கு என்றால், பட்டப்பகலில் எதற்கு? அடுக்களையில் தீயை மூடிபோட்டு அணைப்பது நினைவுக்கு வந்தது. காற்று இல்லாத இடத்தில் தீ நிற்காது. தீ நிற்காத இடத்தில் என் பிள்ளை எப்படி நிற்பான்? கோடை வந்தால் எங்காவது ஓர் ஊரில் கிணற்றில் இறங்கினவரும், அவரைத் தூக்கப் போனவரும் திரும்பாத செய்தி டிவியில் ஓடும். அந்தச் செய்தி வரும்போது சேனலை மாற்றுகிற ஆள் நான். எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதை யாரிடமும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. மகனிடம் சொல்லப் பார்த்தேன்.

"அம்மா, அதெல்லாம் வேற கெணறு. இது நம்ம வீட்டுக் கெணறு" என்று என் தோளில் தட்டிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடப்பாரை போட்டுப் பலகையை நெம்பினார்கள். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், மகனின் பழைய கூட்டுக்காரர்கள் என்று முற்றம் நிறைந்திருந்தது. பலகை விலகியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடியில் கொஞ்சம்போலக் கறுத்த தண்ணீர் மினுங்கியது.

கொழுந்தன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "வாடை ஒண்ணும் இல்ல. சுத்தமாட்டு இருக்கு."

கைப்பிடிச் சுவரில் கிண்ணத்தை வைத்து, மணலைக் கொட்டி, விளக்கை உட்கார வைத்துத் திரியைக் கொளுத்தினார்கள். காற்று அடித்ததால் ஒரு பையன் அட்டையைப் பிடித்து மறைத்துக்கொண்டான். விளக்கு நன்றாக எரிந்தது. நாத்தனார் குரவை இட்டார். அந்தக் குரவைச் சத்தத்துக்கு நடுவே தேங்காய் சரிபாதியாக உடைந்தது. எல்லாம் நல்ல சகுனம். மகன் பனியனும் கைலியுமாக வந்து கயிற்றை இடுப்பில் சுற்றத் தொடங்கினான்.

என்ன செய்தேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. போய்ச் சுவரில் ஏறி, அவன் இறங்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"மைனி! பொம்பளைய கெணத்துச் செவுருல ஏறப்பிடாது. கொடைக்கு உள்ள வெள்ளமாக்கும்!" என்று கொழுந்தன் சத்தம் போட்டார்.

"எறங்குகேன். அதுக்கு மின்ன இந்த வெளக்கு எறங்கட்டு."

"வெளக்கா?"

"கொக்கி போட்டு வச்சிருக்கு. கயறு கெட்டிக் கீழ விடுங்க. அது அணையாம அடிவரைக்கும் போனா, எனக்க பிள்ளையும் போட்டும்."

கூட்டத்தில் யாரோ, "ஏலே மக்கா, ஒனக்க அம்மைக்கு உன்னயக் கெணத்துல விடப் பேடி. தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்லுலே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மகனின் முகம் சிவந்துபோயிற்று.

"அம்மா, நாணங்கெடுத்தாதீங்க. எறங்குங்க."

அந்தப் பேச்சுத்தான் எனக்கு வலித்தது. ஆனால் இறங்கவில்லை. என் காலுக்குக் கீழே கிணறு வாயைத் திறந்து கிடந்தது. எனக்குத் தலை சுற்றியது. உயரமும் எனக்குப் பயம்தான். சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நேரம் போகுதுல்லா? வெளக்க விடுங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

நல்ல நேரம் தவறிவிடுமே என்ற பதற்றம் கொழுந்தனுக்கு. என்னைத் தூக்கி இறக்கவும் முடியாது. முணுமுணுத்துக்கொண்டே கொக்கியில் கயிற்றைக் கட்டி விளக்கைக் கீழே விட்டார். அது ஆடி ஆடி இறங்கியது. பாதிக் கிணறு தாண்டியதும் அணைந்துவிட்டது.

"காத்து" என்றார் அவர், மேலே இழுத்துக்கொண்டே. "எறக்கும்போ ஆடுதுல்லா? காத்துதான் மைனி. போரும், எறங்குங்க."

காற்று என்று சொல்வார் என்று எனக்குத் தெரியும். என்னைப் போன்ற ஆட்கள் நடக்காத சண்டைகளைக்கூட முன்கூட்டியே பேசிப் பார்த்து வைத்திருப்போம். மருமகளிடம் சொல்லி அரிக்கேன் விளக்கை எடுத்துவரச் செய்தேன். புயல் வந்தால், கரண்ட் போனால் என்று பயந்து, எங்கள் வீட்டில் மண்ணெண்ணெயும் திரியுமாக எப்போதும் தயாராக நிற்கும் விளக்கு அது. கேலி பேச எல்லோருக்கும் அது ஒரு பொருள்.

"இதுக்குக் கண்ணாடி உண்டு. காத்து அணைக்காது. இத விடுங்க" என்றேன்.

இந்தத் தடவை கயிற்றை வாங்கியவன் என் மகன். கோபத்தோடுதான் வாங்கினான், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று. மெல்ல விட்டான். எல்லோரும் சுவரைச் சுற்றிக் குனிந்தார்கள். அரிக்கேன் தன்னைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் போட்டபடி, பாசி பிடித்த கல்லையெல்லாம் காட்டிக்கொண்டு போயிற்று. பித்தளை விளக்கு அணைந்த இடம் வந்தது. சுடர் குறுகியது. ஒரு நூல்போல ஆயிற்று. யாரோ இரண்டு விரலால் கிள்ளியதுபோல இல்லாமலாயிற்று.

குனிந்து நின்றவர்கள் சுவரைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

மகன் அதை மேலே இழுத்தான். கண்ணாடி சூடாக இருந்தது. மண்ணெண்ணெய் தளும்பியது. திரி கறுத்துக் கிடந்தது. தானே தீப்பெட்டி வாங்கி மறுபடி கொளுத்தினான். மறுபடி விட்டான். அதே இடத்தில் அதேபோல அணைந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டான்.

"நான் எறங்கல்ல சித்தப்பா. யாரும் எறங்காண்டாம்."

நான் சுவரிலிருந்து இறங்கினேன்.  என் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் சொன்னது நடந்து நான் பார்த்ததில்லை. யாராவது தண்ணீர் தந்தால் குடிக்கலாம்போல இருந்தது. கேலி பேசிய அந்த ஆள்தான் ஓடிப்போய் ஒரு சொம்பு கொண்டுவந்து தந்தார்.

அப்போதுதான் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாமரத்தடியில் உட்கார்ந்தார்.

"எனக்கு இப்பமாக்கும் ஓர்ம வருது" என்றார். "நான் பாவாட கெட்டிட்டு நடக்குத காலத்துல, வெளக்கு கீழதான் போவும். அப்பா கயறு கெட்டி விடுவாரு. ஒரு வருசம் பாதியிலயே அணைஞ்சு போச்சு. அந்த வருசம் மழையில அம்மைக்கு தீனம் வந்து கெடப்புல ஆயிட்டா. வெளக்கு அணைஞ்சதுனாலதான் வந்துதுன்னு எல்லாரும் சொன்னாவ. அதுக்குப் பெறகு அப்பா வெளக்கக் கீழ விடல்ல. மேலயே வச்சாரு. அணையாதுல்லா."

"அணையாத எடமாப் பாத்து வச்சாரு" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷமும் அந்த மேலே வைத்த விளக்கை நம்பி இறங்கியவர் அவர். அந்த வருஷங்களில் கிணறு திறந்து கிடந்தது, தினமும் வாளி ஏறி இறங்கும், காற்றும் கூடவே போய்வரும். அதனால் தப்பித்தார். மூடி வைத்த கிணற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரிந்துவிடவில்லை. மறுநாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அவர்களைக் கூப்பிட்டவன் மகன். அவர்கள் காற்றைச் சோதிக்கிற ஒரு சின்னக் கருவியைக் கயிற்றில் கட்டி விட்டார்கள். அது கீழே போய்க் கத்தியது. பிறகு பெரிய குழாயை உள்ளே விட்டு மெஷினால் காற்றை ஊதினார்கள். கருவி கத்துவதை நிறுத்தியபிறகுதான், இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டிய ஒருவர் இறங்கினார். மேலே இரண்டு பேர் அந்த வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போகும்போது அவர்களில் மூத்தவர், "யாரு வெளக்க விடச் சொன்னது?" என்று கேட்டார்.

கொழுந்தன் என்னைக் காட்டினார். நான் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நல்ல காரியம் பண்ணினீங்கம்மா. ஆனா வெளக்க மட்டும் நம்பாதீங்க. சில வாயுவுக்கு வெளக்கு அணையாது, ஆளு விழுந்துருவான். சிலது தீ கண்டாலே பத்திக்கிடும். எறங்கணும்னா எங்களக் கூப்பிடுங்க."

அந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பாராட்டைக் கேட்க மற்றவர்கள் இருந்தார்கள். கொடைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பொங்கல் பொங்கியது. ஆனால் முதல் கூடை சேற்றை வாரியது எங்கள் குடும்பத்து மூத்த ஆண் இல்லை, யார் பெற்ற பிள்ளையோ. அம்மன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பானை கிழக்கே பொங்கி வழிந்தது. நாத்தனார் போட்ட குரவையில் கொஞ்சம் எனக்காகவும் போட்டதுபோல எனக்குத் தோன்றியது.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருஷம் கொடை வந்தது. பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை போட்டிருந்தோம், மோட்டார் வைத்துத் தண்ணீரும் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் சேறு வாரும் காலையில் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மகனும் லீவு போட்டு வந்திருந்தான். போன வருஷம் விட்ட கூடையை இந்த வருஷம் நானே வாருவேன் என்று அவனுக்கு ஒரு வைராக்கியம்.

முற்றத்துக்கு வந்து பார்த்தால், அரிக்கேன் விளக்குக்குச் சந்தனம் பொட்டு வைத்து, கண்ணாடியைச் சுற்றிப் பிச்சிப்பூ கட்டி, கிணற்றுச் சுவரில் ஒரு பட்டுத்துணி விரித்து உட்கார வைத்திருந்தார் கொழுந்தன்.

"இது என்ன?"

"மைனி, உங்க கையால எறக்குங்க. உங்க கை ராசியாக்கும். இனி எல்லா வருசமும் உங்க கைதான். அதுதான் வழக்கம்."

எனக்குத் திக்கென்றது. ஒரே வருஷத்தில் மறுபடியும் மணல் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் செத்தபிறகு, என் மருமகளின் மருமகள் இந்த அரிக்கேனைப் பூவோடு சுவரில் வைத்துவிட்டு, பெரியவர்கள் அப்படித்தான் வைத்தார்கள் என்று சொல்லி ஒரு பிள்ளையை இறக்கிவிடுவாள் என்று தோன்றியது. இப்படி நினைக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது. ஆனால் இந்தத் தடவை என் பயத்தைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது.

பூவைக் கழற்றினேன். பொட்டைத் துடைத்தேன். கொழுந்தன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத அடுக்களையில கொண்டு வைங்க. இண்ணைக்கு இதுக்கு இங்க வேலை இல்ல. காத்து மெஷினும் அந்தக் கருவியும் மட்டும் போதும். எனக்க கை ஒண்ணும் ராசி இல்ல, நடுங்குத கை. யாரு வேணும்னாலும் கருவிய எறக்கட்டு. ஆனா ஒண்ணு. எறக்குதவரு, இது எதுக்குன்னு சத்தமாச் சொல்லிட்டு எறக்கணும்."

"எதுக்கு மைனி சொல்லணும்? எல்லாருக்கும் தெரியுமே."

"போன வருசம் பித்தள வெளக்கு எதுக்குன்னு யாருக்காவது தெரிஞ்சுதா?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் நின்றது. கொழுந்தன் தலையைச் சொறிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பிக்கடையில் கணக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"உள்ள மூச்சு விடுததுக்குக் காத்து உண்டுமான்னு பாக்கதுக்கு. இல்லேன்னா எறங்கப்பிடாது. எந்த நேரமா இருந்தாலும் எறங்கப்பிடாது. போருமா மைனி?"

"போரும்."

கருவி கத்தவில்லை. தீயணைப்பு ஆட்கள் மகனின் இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் மேலே பிடித்தார்கள். அவர்களோடு மூன்றாவதாக என் வீட்டுக்காரரும் முட்டுவலியோடு ஒரு கை போட்டார். மகன் இறங்கினான். நான் சுவரோரம் போய் நின்றேன்.

"மக்கா, மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா."

கூடை போயிற்று. மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"மக்கா, மூச்சு முட்டுதா?"

"இல்ல, நல்லா இருக்கு. காலுக்கடியில ஊத்து குளுகுளுன்னு வருது!"

முதல் கூடை சேறு கறுப்பாக, சொட்டச் சொட்ட மேலே வந்தது. நாத்தனார் குரவை இட்டார். நான் குரவை போடவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. அவன் மேலேறி வருகிறவரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவனும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருவரும் என்னைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. நடுவில் நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கப் போனபோது, கொழுந்தன் வந்து என் இடத்தில் நின்றுகொண்டு, கிணற்றுக்குள் குனிந்து, "ஏலே, மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.